தோற்கப்போகும் வழக்கை ஏன் நடத்த வேண்டும்: ஒரு நாவலும் அலபாமாவின் ஒரு நீதிமன்றமும்

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு நாவலைப் பற்றிய கேள்வி. ஹார்ப்பர் லீ எழுதிய ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலில் வழக்கறிஞர் ஆட்டிகஸ் ஃபிஞ்ச் தோற்றுவிடுகிறார், அவருடைய கட்சிக்காரர் உயிரையும் இழக்கிறார். பிறகு எதை வைத்து அவரைத் தைரியத்துக்கு இலக்கணம் என்கிறார்கள், கதை நடக்கும் 1930-களின் அலபாமாவில், அமெரிக்காவின் அந்தத் தென் மாநிலத்தில், அப்படி ஒருவர் நிஜமாக இருந்தாரா, அல்லது வெள்ளையர்கள் தங்கள் மனச்சாட்சியைத் தேற்றிக்கொள்ள எழுதிக்கொண்ட கதையா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. தீர்ப்பு முன்கூட்டியே முடிவாகிவிட்ட ஒரு நீதிமன்றத்தில் ஒழுங்காக வழக்கு நடத்துவதால் யாருக்கு என்ன பயன் என்பதே அது. முதல் வகைக் கேள்விக்கு இலக்கியம் படித்தவர்கள் என்னைவிட நன்றாகப் பதில் சொல்வார்கள். இரண்டாவதற்கு, மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் முப்பது ஆண்டுகளுக்குச் சற்று மேலாக, பெரும்பாலும் எதிரித் தரப்பில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக, குற்றவியல் வழக்குகள் நடத்தியவன் என்ற முறையில் எனக்குச் சொல்லச் சில விஷயங்கள் உண்டு. அலபாமாவை நான் கண்ணால் பார்த்ததில்லை; அந்தக் காலத்து வழக்குகளின் தீர்ப்புகளையும் அவற்றைப் பற்றிய வரலாறுகளையும் படித்தவன், அவ்வளவுதான்.

நாவலைப் படிக்காதவர்களுக்காக வழக்கை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன். மேகோம் என்ற கற்பனைச் சிற்றூரில் மயெல்லா யூவெல் என்ற ஏழை வெள்ளைப் பெண்ணை வல்லுறவு செய்ததாக டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி மீது குற்றச்சாட்டு. நீதிபதி டெய்லர் எதிரிக்காக ஆட்டிகஸை நியமிக்கிறார். அந்தப் பெண்ணின் முகத்தில் வலப்பக்கம் அடிபட்டிருந்தது என்று மாவட்டக் காவல் அதிகாரியான ஷெரிஃபின் வாயாலேயே வரவழைக்கிறார் ஆட்டிகஸ். அடித்தவன் பெரும்பாலும் இடக்கைக்காரனாக இருக்க வேண்டும். பிறகு அவளுடைய தகப்பனிடம் காகிதத்தையும் பேனாவையும் நீட்டிப் பெயரை எழுதச் சொல்கிறார். அவன் இடக்கையால் எழுதுகிறான். கடைசியில் எதிரியை எழுந்து நிற்கச் சொல்கிறார்; சிறுவயதில் பருத்தி அரவை இயந்திரத்தில் சிக்கிய டாமின் இடக்கை சூம்பித் தொங்குகிறது. மூன்று கேள்வி, மூன்று கண்கூடான விடை. எந்தச் சீனியரும் ஜூனியருக்குக் காட்டிச் சொல்லக்கூடிய குறுக்கு விசாரணை. ஆயினும் முழுக்க வெள்ளையர்களான ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்ல ஊர்மக்களிலிருந்து பொறுக்கிய பன்னிரண்டு பேர், குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்கிறது. நம் நாட்டில் 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஜூரி முறை அடியோடு ஒழிந்துவிட்டதால், இன்றைய மாணவர்களுக்கு இதன் கனம் உடனே பிடிபடாது. ஜூரி காரணம் சொல்ல வேண்டியதில்லை. நம் நீதிபதி எவ்வளவு தவறான தீர்ப்பைத் தந்தாலும் அதற்கான காரணங்களை எழுதியாக வேண்டும், மேல்முறையீட்டில் அந்தக் காரணங்களைப் பிடித்துக்கொள்ளலாம். பன்னிரண்டு பேர் ஓர் அறைக்குள் போய்த் திரும்பிவந்து ஒரே சொல்லைச் சொல்லிவிட்டால், அந்தச் சொல்லுக்குள் எங்கே பிடிப்பது?

அந்த நாவலின் வழக்கை வாசித்தபோது என் தொழில் புத்திக்கு முதலில் உறுத்தியது மருத்துவச் சாட்சி இல்லாமைதான். வைத்தியரை அழைத்தீர்களா என்று ஆட்டிகஸ் கேட்கிறார், யாரும் அழைக்கவில்லை. வைத்தியர் ஒருவர் வந்து பரிசோதித்திருந்தால் டாம் தப்பியிருப்பான் என்று வாசகர் நம்பிக்கொள்ள அந்த இடைவெளி வசதியாக இருக்கிறது. அதே அலபாமாவில், நாவலின் கதை தொடங்கும் அதே 1933-ல், வைத்தியர் கூண்டிலேறிச் சாட்சி சொன்ன ஒரு வழக்கு நடந்தது. அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.

1931 மார்ச் 25 அன்று, பக்கத்து மாநிலமான டென்னசியின் சட்டனூகாவிலிருந்து மேற்கே சென்ற ஒரு சரக்கு ரயிலில், டிக்கெட் இல்லாமல் வேலை தேடிப் பயணித்த வெள்ளை இளைஞர்களுக்கும் கறுப்பின இளைஞர்களுக்கும் சண்டை மூண்டது. கீழே தள்ளப்பட்ட வெள்ளையர்கள் புகார் கொடுத்தார்கள். பெயின்ட் ராக் என்ற சிறிய நிலையத்தில் ஆயுதம் தாங்கிய கூட்டம் ரயிலை மறித்து ஒன்பது கறுப்பின இளைஞர்களைப் பிடித்தது. அதே ரயிலில் இருந்த விக்டோரியா பிரைஸ், ரூபி பேட்ஸ் என்ற இரண்டு வெள்ளைப் பெண்கள், இவர்கள் தங்களை வல்லுறவு செய்தார்கள் என்று சொன்னார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் ஏறக்குறைய பார்வையற்றவர். இன்னொருவர் நோயின் கடுமையால் கோலூன்றி நடந்தவர். இளையவரான ராய் ரைட்டுக்குப் பதின்மூன்றுக்கு மேல் இராது. ஜாக்சன் மாவட்டத் தலைநகரான ஸ்காட்ஸ்போரோவில் ஏப்ரல் 6 அன்று விசாரணை தொடங்கியது. நான்கே நாளில் எட்டுப் பேருக்கு மரண தண்டனை. ராய் ரைட்டுக்கு அரசுத் தரப்பே ஆயுள் தண்டனைதான் கேட்டது. அவனையும் கொல்லத்தான் வேண்டும் என்று ஜூரியில் சிலர் பிடிவாதமாக நின்றதால் அவன் வழக்கு முடிவில்லாமல் போனது. எதிரிகளுக்காக நின்றவர்கள் இரண்டு பேர்: சட்டனூகாவிலிருந்து வந்த, மனை விற்பனைப் பத்திரங்கள் எழுதிப் பழகிய ஒருவர், வயதேறிய உள்ளூர் வழக்கறிஞர் இன்னொருவர். இதைத்தான் 1932 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மரண தண்டனை வழக்கில் எதிரிக்கு உருப்படியான வழக்கறிஞர் உதவி கிடைத்தே ஆக வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் அந்தத் தீர்ப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

மறுவிசாரணை டெக்காட்டர் என்ற ஊருக்கு மாற்றப்பட்டது. 1933 மார்ச் கடைசியில் ஹேவுட் பாட்டர்சன் என்பவரின் வழக்கை முதலில் எடுத்தார்கள். நீதிபதி ஜேம்ஸ் எட்வின் ஹார்ட்டன், அந்தப் பகுதியின் பழைய குடும்பத்தைச் சேர்ந்தவர், 55 வயது. எதிரித் தரப்பில் நியூயார்க்கிலிருந்து வந்த சாமுவேல் லீபோவிட்ஸ், கொலை வழக்குகளில் பேர்போனவர். அவர் அந்தச் சரக்கு ரயிலின் மாதிரி ஒன்றைச் செய்யச் சொல்லி, பெட்டிகள் வரிசையாக அணிவகுக்க நீதிமன்ற மேசையில் வைத்து, நீங்கள் வந்த ரயில் இப்படித்தானே இருந்தது என்று விக்டோரியா பிரைஸைக் கேட்டார். நான் வந்த ரயில் இதைவிடப் பெரியது என்றாராம் அவர். சிரிக்கத் தோன்றும் பதில். ஆனால் குறுக்கு விசாரணை செய்து பழகியவர்களுக்குத் தெரியும், எதற்கும் ஆம் என்று சொல்லாத சாட்சியை உடைப்பதுதான் மிகக் கடினம். பரிசோதித்த வைத்தியர் பிரிட்ஜஸ் அரசுத் தரப்புச் சாட்சியாகவே வந்து, பலர் சேர்ந்து சரளைக் கற்கள் மேல் போட்டு வல்லுறவு செய்ததாகச் சொல்லும் ஒரு பெண்ணின் உடலில் இருந்திருக்க வேண்டிய காயங்களும் பிற தடயங்களும் இல்லை என்பதற்கு ஆதாரமான விவரங்களைத் தந்தார். இரண்டாவது பெண்ணான ரூபி பேட்ஸ், எதிர்பாராமல் எதிரித் தரப்பில் கூண்டேறி, அப்படி எதுவுமே நடக்கவில்லை என்றார். அரசுத் தரப்பு அவரிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று, இந்தப் புது உடுப்பை உனக்கு வாங்கிக் கொடுத்தது யார் என்பது. நியூயார்க் பணம் என்ற எண்ணம் ஜூரியின் தலையில் உட்கார அது போதுமானதாக இருந்தது. நிறைவுரையில் மாவட்ட அரசு வழக்கறிஞர், அலபாமாவின் நீதியை நியூயார்க் யூதப் பணத்தால் வாங்க முடியாது என்று காட்டுங்கள் என்று வெளிப்படையாகவே கேட்டார். லீபோவிட்ஸ் யூதர். குற்றவாளி என்ற முடிவுக்கு வர ஜூரிக்கு ஐந்து நிமிடம்தான் ஆனது; மரண தண்டனையா சிறையா என்பதில் ஒருவர் மட்டும் இரவெல்லாம் இழுத்துப் பிடித்துவிட்டு, மறுநாள் காலையில் அவரும் இணங்கினார். ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை. ஜூரியில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள் என்று பதிவாகியிருக்கிறது.

ஆக, நாவலில் இல்லாத வைத்தியச் சாட்சியம் நிஜ வழக்கில் இருந்தது. குற்றம் சாட்டிய பெண்களில் ஒருவரே பின்வாங்கினார். ரயிலின் மாதிரியும் இருந்தது. எதுவும் உதவவில்லை. சாட்சியம் போதாமல் தோற்ற வழக்கு அன்று அது, சாட்சியம் எவ்வளவு இருந்தாலும் தோற்றிருக்கும். ஆட்டிகஸ் இன்னும் கெட்டியாக வாதாடியிருக்கலாமே என்று சில வாசகர்கள் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு டெக்காட்டர்தான் நினைவுக்கு வரும்.

இனி நீங்கள் கேட்ட, நிஜத்தில் அப்படி ஒருவர் இருந்தாரா என்பதற்கு வருகிறேன். இருந்தார், அவர் வழக்கறிஞராக இருக்கவில்லை, நீதிபதியாக இருந்தார். 1933 ஜூன் 22 அன்று, தன் சொந்த ஊரான ஏதன்ஸின் நீதிமன்றத்தில் உட்கார்ந்து, ஹார்ட்டன் ஜூரியின் தீர்ப்பை ஒதுக்கிவைத்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். அந்த உத்தரவை எழுதியிருக்கும் விதத்தை நான் ஜூனியர்களுக்கு அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. இனவெறியைப் பற்றி அதில் முழக்கம் இல்லை, அலபாமாவைக் கண்டிக்கும் வரி இல்லை. விக்டோரியா பிரைஸ் சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, அதற்கு எதிரே வைத்தியர் சொன்னதையும் பிற சாட்சிகள் சொன்னதையும் வைத்து, இது பொருந்தவில்லை, இதுவும் பொருந்தவில்லை என்று நிதானமாக நடந்துபோகிறது. நடந்ததாகச் சொல்லப்படும் குற்றம் நடந்திருக்கவே வாய்ப்பில்லை என்ற இடத்தில் போய் நிற்கிறது. தன் ஊர்க்காரர்களிடம் அவர்களுடைய ஜூரி தவறு செய்துவிட்டது என்று சொல்ல, சாட்சியத்தைத் தவிர வேறு எதையும் அவர் துணைக்கு அழைக்கவில்லை. இந்த உத்தரவு அடுத்த தேர்தலில் உங்களைக் கவிழ்த்துவிடும் என்று முன்பே எச்சரித்தார்கள் என்றும், அதற்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டதாகவும் சொல்வதுண்டு. அவர் கேட்ட வாசகம் அப்படியேதானா என்பதற்கு நான் உறுதி சொல்லமாட்டேன். எச்சரிக்கை பலித்தது என்பது உறுதி. அங்கே மாவட்ட நீதிபதிகள் வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். முந்தைய தேர்தலில் போட்டியே இல்லாமல் வென்றவர், 1934-ல் தோற்றார். அதன் பிறகு அவர் நீதிபதி இருக்கையில் உட்காரவே இல்லை. 1973-ல் தொண்ணூற்றைந்து வயதில் இறந்தார்.

அவரையும் நான் மெழுகுச் சிலையாக்கிக் காட்ட விரும்பவில்லை. ஒரு விவரம் என்னை எப்போதும் தொந்தரவு செய்கிறது. அந்தப் பெண்களைப் பரிசோதித்த வைத்தியர்கள் இரண்டு பேர். இளையவரான லிஞ்ச் என்பவரைக் கூண்டிலேற்ற வேண்டாம், முதலாமவர் சொன்னதையேதான் அவரும் சொல்வார் என்று அரசுத் தரப்பு விட்டுவிட்டது. அதன் பிறகு அந்த இளைஞர் நீதிபதியைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டதாகவும், நீதிமன்றத்தில் வேறு தனியிடம் இல்லாததால் இருவரும் ஆண்கள் கழிப்பறைக்குள் நின்று பேசியதாகவும், அந்தப் பெண்கள் வல்லுறவு செய்யப்படவில்லை என்று தான் அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னதாக லிஞ்ச் ஒப்புக்கொண்டதாகவும், கூண்டில் வந்து சொல்லுங்கள் என்றபோது, சொன்னால் ஜாக்சன் மாவட்டத்துக்குத் திரும்பித் தொழில் நடத்த முடியாது என்று கைவிரித்ததாகவும் பல ஆண்டுகள் கழித்து ஹார்ட்டன் ஒரு வரலாற்றாசிரியரிடம் சொன்னார். லிஞ்ச் இதை மறுத்தார். எனவே இது ஒருவர் சொல்லும் கதை, இன்னொருவர் மறுக்கும் கதை என்ற அளவில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நான் ஹார்ட்டனை நம்புகிறேன். காரணம், இந்தக் கதை அவருக்கே பெருமை சேர்க்கவில்லை. எதிரி நிரபராதி என்று தெரிந்த பின்னும், அந்த வைத்தியரைக் கட்டாயப்படுத்தாமல், வழக்கை அங்கேயே நிறுத்தாமல், ஜூரி விடுவித்துவிடும் என்று நம்பிக் காத்திருந்தார் என்றுதானே அதற்குப் பொருள்? தைரியம் அவருக்கு இரண்டரை மாதம் தாமதமாக வந்தது. ஆனாலும் வந்தது. அந்த வைத்தியருக்கு வரவே இல்லை. அவரைக் கோழை என்று சொல்லிவிட என்னால் முடியவில்லை. எங்கள் நீதிமன்ற வராந்தாவில், வக்கீலய்யா, நான் பார்த்தது நிஜம், ஆனால் அந்தத் தெருவில்தான் நான் குடியிருக்க வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போன சாட்சிகளின் முகங்கள் எனக்கு நினைவிருக்கின்றன.

வழக்கு அடுத்து வில்லியம் காலஹன் என்ற நீதிபதியிடம் போனது. 1933 நவம்பர் கடைசியில் அவர் ஜூரிக்கு வழிகாட்டும்போது, குற்றவாளி என்று எப்படி எழுதித் தர வேண்டும் என்பதையெல்லாம் விளக்கிவிட்டு, விடுதலை என்றால் எப்படி எழுத வேண்டும் என்று சொல்லவே மறந்துபோனார். லீபோவிட்ஸ் எழுந்துபோய் நினைவூட்ட வேண்டியிருந்தது. மறுபடியும் மரண தண்டனைகள். இங்கேதான் உங்கள் கேள்விக்கு என் தொழில் சார்ந்த பதில் இருக்கிறது. லீபோவிட்ஸ் தோற்றுக்கொண்டே ஒரு வேலையைச் செய்தார். ஜாக்சன் மாவட்டத்தில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட ஜூரியில் உட்கார்ந்ததாக யாருக்கும் நினைவில்லை என்பதை, சாட்சி மேல் சாட்சியாக அழைத்துப் பதிவேற்றினார். மாவட்ட ஜூரிப் பட்டியல் புத்தகத்தை வரவழைத்தார். அதில் சில கறுப்பினத்தவர் பெயர்கள் இருந்தன. அவை வழக்கு வந்த பிறகு, முன்பே போட்டிருந்த சிவப்புக் கோட்டின் மேல் செருகி எழுதப்பட்டவை என்று கையெழுத்து நிபுணரை வைத்துச் சொல்ல வைத்தார். விசாரணை நீதிமன்றம் இதைத் தள்ளிவிட்டது. தள்ளட்டும், பதிவில் ஏறிவிட்டது. 1935-ல் வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்றம் போனபோது, அந்தப் புத்தகமே வாஷிங்டனுக்குப் போனது. நீதிபதிகள் ஒருவர் பின் ஒருவராகப் பூதக்கண்ணாடி வைத்துச் செருகப்பட்ட பெயர்களைப் பார்த்தார்கள். ஏப்ரல் 1 அன்று தலைமை நீதிபதி ஹியூஸ் எழுதிய தீர்ப்பு, இனத்தைக் காரணமாக வைத்து மக்களை ஜூரியிலிருந்து ஒதுக்கியது அரசமைப்புக்கு விரோதம் என்று கூறித் தண்டனையை ரத்து செய்தது. விசாரணை நீதிமன்றத்தில் வழக்கறிஞர் பேசுவது எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்காக மட்டும் அன்று. சுருக்கெழுத்தாளருக்காகவும் பேசுகிறார். என் சீனியர் இதை வேறு விதமாகச் சொல்வார்: வழக்குக் கட்டுக்குள் ஏறாத வாதம் காற்றோடு போயிற்று.

இந்தக் கண்ணாடியை வைத்துக்கொண்டு நாவலுக்குத் திரும்பினால் ஒரு விஷயம் உறுத்துகிறது. கதையின் காலக்கணக்கைக் கூட்டிப் பார்த்தால் டாம் ராபின்சன் வழக்கு 1935 கோடையில் நடக்கிறது. அதாவது அந்த ஏப்ரல் தீர்ப்பு வந்து சில மாதங்களுக்குள். தன் மாநிலத்தின் பெயர் நாளிதழ்களில் நாறிக்கொண்டிருந்தபோது, ஆட்டிகஸைப் போல மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் இருக்கும் ஒரு வழக்கறிஞருக்கு அந்தத் தீர்ப்பு தெரியாமல் இருக்க வழியில்லை. ஆனால் ஜூரியில் ஒரு கறுப்பினத்தவரும் இல்லையே என்ற ஆட்சேபத்தை அவர் எழுப்பியதாக நாவலில் எங்கும் வருவதில்லை. பிறகு மகனுடன் ஜூரியைப் பற்றிப் பேசும் இடத்தில், ஊருக்குள் இருப்பவர்கள் ஏன் ஜூரியில் உட்காருவதில்லை, பெண்கள் ஏன் உட்கார முடியாது என்றெல்லாம் பேச்சு வருகிறது; கறுப்பினத்தவரின் பேச்சு வரவில்லை. இது நாவலாசிரியரின் கவனக்குறைவா, அல்லது ஆட்டிகஸ் என்ற மனிதருக்கே அவர் ஊர் போட்டுக்கொடுத்த எல்லை எது என்று காட்டும் நுட்பமா என்பதைத் தீர்த்துச் சொல்ல என்னால் ஆகாது. இரண்டாவதாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். மேல்முறையீட்டில் நல்ல வாய்ப்பிருந்தது என்று அவர் நம்பினார். டாம் அதற்குள் சிறை வேலியேறித் தப்ப முயன்று பதினேழு குண்டுகள் பட்டுச் செத்தான். வெள்ளையர் தரும் வாய்ப்புகளை நம்பி நம்பி அவன் அலுத்துப்போயிருந்தான் என்பது ஆட்டிகஸின் விளக்கம். அவன் அலுத்துப்போனதில் என்ன தவறு என்று கேட்கும் உரிமை வாசகருக்கு உண்டு.

நாவலுக்கு மூலம் எது என்பதைப் பற்றிப் பலரும் பலவிதமாக எழுதுகிறார்கள். அதில் உறுதியானதையும் அல்லாததையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஹார்ப்பர் லீ 1926-ல் அலபாமாவின் மன்றோவில் என்ற சிற்றூரில் பிறந்தவர். தந்தை அமாசா கோல்மன் லீ வழக்கறிஞர், சட்டமன்ற உறுப்பினர், உள்ளூர்ப் பத்திரிகையின் ஆசிரியர். அவர் 1919-ல் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு கறுப்பினத்தவருக்காக வாதாடித் தோற்றார், அவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். இவை உறுதி. 1930-களில் அதே மன்றோவிலில் வால்டர் லெட் என்ற கறுப்பினத்தவர் வெள்ளைப் பெண்ணொருத்தியை வல்லுறவு செய்ததாகத் தண்டிக்கப்பட்டு, மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, காவலில் காசநோயால் இறந்ததும் உறுதி. ஆனால் டாம் ராபின்சன் அவர்தான் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஸ்காட்ஸ்போரோவைப் பொறுத்தவரை, அவ்வளவு பரபரப்பான வழக்கைத் தான் மனத்தில் வைத்திருக்கவில்லை என்றும், தெற்கின் இனப் பார்வைக்கு அதுவும் ஏற்ற எடுத்துக்காட்டுத்தான் என்றும் ஆசிரியரே பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதினார். எனவே ஆட்டிகஸ் என்பவர் ஹார்ட்டன்தான் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு நாவலின் நீதிபதி டெய்லர்தான் ஹார்ட்டனுக்குக் கொஞ்சம் நெருக்கமாகத் தெரிகிறார். வழக்கமாக இப்படிப்பட்ட வழக்குகளைப் புதிதாக வந்த இளம் வழக்கறிஞருக்குத் தள்ளிவிடுவார்கள். டெய்லர் வேண்டுமென்றே ஆட்டிகஸுக்குக் கொடுத்தார் என்று பக்கத்து வீட்டு மிஸ் மாடி குழந்தைகளுக்குப் போகிறபோக்கில் சொல்கிறார். நாவலிலேயே எனக்கு மிகவும் பிடித்த தைரியம் அது, யாரும் கைதட்டாதது.

மனச்சாட்சியைத் தேற்றிக்கொள்ள எழுதிய கதையா என்று கேட்டீர்கள். அந்தக் குற்றச்சாட்டு உங்களுடையது மட்டும் அன்று. வழக்கறிஞர்களின் ஒழுக்கநெறியைக் கற்பித்த பேராசிரியர் மன்றோ ஃப்ரீட்மன் 1992-ல், ஆட்டிகஸ் தானாக முன்வந்து எதையும் செய்யவில்லை, நீதிமன்றம் நியமித்ததால்தான் வாதாடினார், தன் ஊரின் பாகுபாடுகளை மாற்ற ஒரு விரலையும் அசைக்கவில்லை என்று எழுதினார். அமெரிக்க வழக்கறிஞர்கள் கொதித்துப்போனார்கள். அலபாமா வழக்கறிஞர் சங்கம் 1997-ல் மன்றோவிலில் ஆட்டிகஸுக்கு நினைவுக்கல்லே வைத்தது, ஒரு கற்பனைப் பாத்திரத்துக்கு. 2009-ல் மால்கம் கிளாட்வெல், ஆட்டிகஸ் இனவெறியை வெல்ல ஏழை வெள்ளையர் மீதான இளக்காரத்தைப் பயன்படுத்திக்கொள்கிறார் என்று எழுதினார். இதில் உண்மை இருக்கிறது. லீபோவிட்ஸும் விக்டோரியா பிரைஸின் ஒழுக்கத்தைக் கூண்டில் வைத்துத் தோலுரித்தார். ஜூரி அதை ஒரு வெள்ளைப் பெண்ணுக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டது. இன்று நம் நீதிமன்றங்களில் வல்லுறவு வழக்கில் அப்படிக் கேட்கச் சட்டம் இடம் தராது, தரக்கூடாது. பிறகு 2015-ல், அதற்கும் முன்னால் எழுதப்பட்ட ஹார்ப்பர் லீயின் இன்னொரு நாவல் வெளிவந்தபோது, அதில் வயதான ஆட்டிகஸ் இன ஒதுக்கலை ஆதரிக்கும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். அதைத் தொடர்ச்சி என்று படிப்பதா, ஆசிரியர் பின்னர் கைவிட்ட முதல் வரைவு என்று படிப்பதா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. நான் வரைவு என்றே படிக்கிறேன். ஆனால் ஒருவர் நீதிமன்றத்துக்குள் நேர்மையாக இருந்துகொண்டு வெளியே ஒதுக்கலை ஆதரிப்பது நடக்காத காரியம் அன்று. அப்படிப்பட்ட கண்ணியமான மனிதர்களோடு நானே மதிய உணவு சாப்பிட்டிருக்கிறேன்.

நாவலின் மேல் எனக்கு உள்ள குறை வேறு. அங்கே நீதிமன்ற மாடத்தில் உட்கார்ந்திருக்கும் கறுப்பினத்தவர்கள் ஆட்டிகஸ் நடந்துபோகும்போது எழுந்து நிற்கிறார்கள். அந்தக் காட்சி கண்ணை நிறைக்கும். அதே சமயம், தைரியம் என்பது கீழே நடந்துபோகும் வழக்கறிஞரிடம் இருப்பது, மாடத்தில் இருப்பவர்கள் அதைக் கண்டு வணங்குபவர்கள் என்ற ஏற்பாட்டையும் அது நிலைநிறுத்திவிடுகிறது. கூண்டில் நின்ற டாமை நினைத்துப் பாருங்கள். ஏன் அந்தப் பெண்ணுக்குக் கூலி வாங்காமல் வேலை செய்து கொடுத்தாய் என்ற கேள்விக்கு, அவள்மேல் இரக்கப்பட்டேன் என்றான். ஒரு கறுப்பன் வெள்ளைப் பெண்ணின்மேல் இரக்கப்படுவதா என்று அந்த மண்டபம் இறுகிய கணத்திலேயே வழக்கு முடிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அதுதான் உண்மை.

நிஜத்தில் இதற்கு நிகரான ஒரு கணம், நாவல் வெளிவருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், மிசிசிப்பியின் சம்னர் என்ற சிற்றூர் நீதிமன்றத்தில் நடந்தது. சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்த எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவனை, ஒரு வெள்ளைப் பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டான் என்று சொல்லி இரவில் வீடு புகுந்து தூக்கிப்போய்க் கொன்றார்கள். அந்த வீட்டுக்காரர் மோஸ் ரைட், 64 வயதான வாரக் குத்தகை விவசாயி, சிறுவனுக்குப் பெரிய மாமன் முறை. 1955 செப்டம்பரில், வெள்ளையர்களே நிறைந்திருந்த அந்த மண்டபத்தில், அன்று இரவு வந்தவர்களை இங்கே காண்கிறாயா என்று கேட்டபோது, அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கையை நீட்டிக் காட்டினார். அந்தக் கணத்தைத் திருட்டுத்தனமாக எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது; மெலிந்த உடல், வெள்ளைச் சட்டை, நீட்டிய கை. ஜூரி 67 நிமிடத்தில் கொலைகாரர்களை விடுதலை செய்தது. மோஸ் ரைட் அதன் பின் மிசிசிப்பியில் குடியிருக்கவில்லை. ஆட்டிகஸ் வழக்கில் தோற்றுத் தன் வீட்டுக்கு, தன் திண்ணைக்குத் திரும்பிப் போகலாம்; அவர் பிள்ளைகளுக்குப் பின்னர் ஆபத்து வருகிறது என்பது மெய்தான், ஆனாலும் வீடு இருந்தது. ஹார்ட்டன் பதவியை இழந்தார், நிலம் இருந்தது. மோஸ் ரைட்டுக்கு அந்த ஒரு விரல் நீட்டலுக்கு விலையாக ஊரே போயிற்று. மூவரையும் ஒரே சொல்லால் தைரியசாலிகள் என்று அழைக்கலாம், ஆனால் விலையைக் கூட்டும்போது ஒரே கணக்கில் எழுதிவிட வேண்டாம்.

ஸ்காட்ஸ்போரோ இளைஞர்கள் என்ன ஆனார்கள் என்று அடுத்துக் கேட்பீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1937 ஜூலையில் நால்வர் மீதான குற்றச்சாட்டுகளை அரசே கைவிட்டது. அதே சாட்சியத்தின் பேரில் மற்றவர்கள் சிறையில் கிடந்தார்கள், இதற்குச் சட்டத்தில் ஒரு நியாயமும் கிடையாது. ஹேவுட் பாட்டர்சனுக்கு நான்காம் விசாரணையில் 75 ஆண்டு. 1948-ல் தப்பி டெட்ராய்ட் போனார், வேறொரு வழக்கில் பிடிபட்டு 1952-ல் சிறையிலேயே இறந்தார். ஜூரிப் பட்டியல் தீர்ப்பு யார் பெயரில் வழங்குகிறதோ அந்த கிளாரன்ஸ் நாரிஸுக்கு 1976-ல் அலபாமா ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். அந்த ஆளுநர், இன ஒதுக்கல் என்றென்றும் நீடிக்கும் என்று பதவியேற்பில் முழங்கிய ஜார்ஜ் வாலஸ். எஞ்சியவர்களில் மூவருக்கு இறந்த பின் மன்னிப்பு வழங்க அலபாமா சட்டத்தில் வழியே இல்லாதிருந்ததால், 2013-ல் அதற்கென்று தனிச் சட்டம் இயற்றி, அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று மன்னிப்பு வாரியம் அவர்கள் பெயர்களைப் படித்தது. அதில் ஒரு பெயர் பாட்டர்சன். அவரைத் தண்டித்திருக்கவே கூடாது என்று ஹார்ட்டன் எழுதிவைத்து அப்போது எண்பது ஆண்டு ஆகியிருந்தது.